இடது சீட்டின் ஓரத் தையல்

மார்ச் 4, செவ்வாய்

இந்த நோட்டில் இது பதினோராவது பக்கம். இன்று ‘தொழிற்சாலை’ என்ற சொல்லை யாரையும் கேட்காமல் எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, “அதுல என்ன பொன்னா விளையுது?” என்றாள். எழுபத்தொரு வயதில் எனக்கு எழுத்து கற்றுக்கொடுத்தவள் அவள்தான். எட்டு மாதம், இதே சாப்பாட்டு மேசையில். அதனால் திருப்பிப் பேசவில்லை.

எழுதுவதும் தையல் மாதிரிதான் என்பாள். கிடையாது. தையலில் தப்பு செய்தால் தோல் வீண். இதில் ஒரு கோடு அடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். இவ்வளவு சுகமான வேலை இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

கோபத்தையும் இதிலேயே எழுதச் சொன்னாள். வாயால் சொன்னால் சண்டை வருமாம். சரி, எழுதுகிறேன். என் மகள் என்னை மெஷினில் உட்கார விடுவதில்லை. என் கடை. நான் வாங்கிய மெஷின். நாற்பத்தாறு வருஷம் கார் சீட் தைத்தவன் நான். மூன்று வருஷமாக வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் “உள்ளே போங்க” என்று கைகாட்டிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் புரை இருந்தபோது ஒரு சீட்டில் கோடு கோணலாகப் போய்விட்டது. ஒரே ஒரு சீட். புரையை எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது எறும்பு மீசையை முறுக்கினால்கூட எனக்குத் தெரிகிறது. அது மட்டும் அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மார்ச் 5, புதன்

இன்று ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. தரையோடு படுத்துக்கிடக்கிற வண்டி. உள்ளே இரண்டே சீட். ஓட்டி வந்தவர் கிணற்றிலிருந்து ஏறுகிறவர் போல அதிலிருந்து வெளியே வந்தார். பல் டாக்டராம்.

என்னைப் பார்த்து, “பெரியவரே, ஓனர் எங்கே?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மகள் வந்துவிட்டாள். அதற்குப் பிறகு என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

இரண்டு சீட்டையும் அடர் நீலத் தோலில் மாற்ற வேண்டும். நடுவில் தேன்கூடு போலத் தையல், நூல் மட்டும் வெண்ணெய் நிறம். தலை சாய்க்கிற இடத்தில் ஒரு பல் படம் தைக்க முடியுமா என்றும் கேட்டார். மகள் சிரிக்காமல், “அதுல சாய்றவங்களுக்கு வாய் பார்க்க வந்த மாதிரி இருக்கும் டாக்டர்” என்றாள். அதோடு விட்டார். எங்கள் பசை உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தான். பசை என்றால் ஸ்பாஞ்ச் ஒட்டுகிற ஆள். நாற்பது வயது. இருபது வருஷமாக ஒட்டி ஒட்டி, டீ குடித்தால் டம்ளரும் கையோடு வரும்.

என் கடையில் நின்றுகொண்டு என்னிடமே ஓனர் எங்கே என்று கேட்கிறார்கள். இந்த வரியை எழுதும்போது பென்சில் முனை உடைந்துவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

தேன்கூடு நன்றாக வந்திருக்கிறது. ஒரு கட்டத்துக்கும் இன்னொரு கட்டத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 10, திங்கள்

கோபம் அடங்கவில்லை. எழுத்து பெரிதும் சிறிதுமாக விழுகிறது. விழட்டும்.

சீட்டின் இரண்டு பக்கமும் விலாவைப் பிடிக்கிற மாதிரி மேடாக ஒரு திண்டு இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் சீட்டில் அதுதான் முக்கியம். வளைவில் வண்டி திரும்பும்போது ஆளைப் பிடித்து நிறுத்துவது அதுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லோரும் உரசிக்கொண்டு போவதும் அதன் மேல்தான். முதலில் பிரிவதும் அங்கேதான். அதனால் நான் அந்த ஓரத்தை எப்போதும் மெழுகு பூசிய தடித்த நூலில் இரட்டையாகப் போடுவேன்.

இன்று இடது சீட் முடிந்து பலகை மேல் இருந்தது. கதவுப் பக்கத்து ஓரத்தைக் கட்டைவிரலால் சும்மா விலக்கிப் பார்த்தேன். நூலா அது? சிலந்தி நூல். ஒற்றைத் தையல். விரல் பட்டதுமே விட்டுக்கொடுத்தது.

மகள் வாயில் நாலைந்து குண்டூசியோடு நின்றிருந்தாள். என்ன நூல் இது என்று கேட்டேன். ஊசிகளை எடுக்காமலே, “அது அப்படித்தான்ப்பா. நீங்க கை வைக்காதீங்க” என்றாள்.

அவ்வளவுதான். அது அப்படித்தானாம். அப்படித்தான் என்றால் எப்படி? கம்பெனிக்காரன் ரெண்டு வாரம் பயிற்சி கொடுத்து ஒரு காகிதம் கொடுத்தான், அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கா. என் கையில காகிதம் இல்ல. காய்ப்பு இருக்கு. நான் தைச்ச ஓரம் பிரிஞ்சுதுன்னு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், திரும்பி வந்திருப்பானா இந்தக் கடைக்கு?

மனைவி விளக்கை அணைக்கச் சொல்கிறாள். கை வைக்காதீங்க. பெற்ற அப்பனைப் பார்த்து.

மார்ச் 11, செவ்வாய்

வைத்துவிட்டேன் கையை.

மதியம் மகள் கொக்கி வாங்கப் போனாள். பசை காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பின்னால் சாப்பிட உட்கார்ந்தான். நான் என் பழைய டப்பாவிலிருந்து வளைந்த ஊசியை எடுத்தேன். வெண்ணெய் நிறத்திலேயே மெழுகு நூல் கொஞ்சம் இருந்தது.

தோல் துணி மாதிரி இல்லை. ஒரு முறை ஓட்டை போட்டால் போட்டதுதான், மூடிக்கொள்ளாது. புது ஓட்டை போட்டால் மகள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அவளுடைய நூலை உருவிவிட்டு, அவள் போட்ட ஓட்டைகளிலேயே, ஒன்று விடாமல், உள்பக்கம் இரட்டையாக வாங்கித் தைத்தேன். அறுபத்திரண்டு தையல். கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. மூன்று வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்த கை!

வலது சீட்டுக்கு நேரம் இல்லை. மகளின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வந்தவள் சீட்டின் மேல் கையை ஓட்டிப் பார்த்தாள். ஓரத்தையும் தடவினாள். ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு.

முடிச்சையும் உள்ளே தள்ளியிருந்தேன். இனி அது அந்த வண்டியோடுதான் போகும். இவ்வளவு சந்தோஷமாக நான் தூங்கப் போய் ரொம்ப நாள் ஆகிறது.

மார்ச் 12, புதன்

வண்டி போனது. டாக்டர் தன் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அந்தப் பெண் இடது சீட்டில் உட்கார்ந்து, கதவுப் பக்கத்து ஓரத்தை விரலால் நீவிப் பார்த்து, “இந்த ஓரம் எவ்வளவு அழகா இருக்கு” என்றாள். அந்த ஓரத்தை! என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். என் மடியில் நோட்டைப் பார்த்துவிட்டு, “என்ன எழுதறீங்க ஐயா?” என்றும் கேட்டாள். கணக்கு என்று பொய் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்

இன்றைக்கும் அந்தச் சந்தோஷம் தீரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு பச்சை வண்டி வந்திருக்கிறது. அதுவும் அதே மாதிரி சீட். பசை அதன் ஓரத்தைத் தைக்க மெஷினில் தடித்த நூலை மாட்டிவிட்டான். என் மகள் குரலை உயர்த்துகிறவள் இல்லை. இன்று உயர்த்தினாள். “யாரைக் கொல்லப் பார்க்கிறே நீ?” என்றாள். பசை பயந்துபோய், தெரியாமல் மாட்டிவிட்டேன் அக்கா என்றான். தெரியாமல் என்று சொல்லாதே, எதற்காக அதை எழுதி ஒட்டியிருக்கிறேன் என்று சுவரைக் காட்டினாள்.

அப்புறம் அவனுக்கு மறுபடியும் விளக்கினாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் புது வண்டிகளில் சீட்டின் ஓரத் திண்டுக்குள் ஒரு பையை மடித்து வைத்திருக்கிறார்கள். ஏர்பேக். கதவுப் பக்கம் வேறு வண்டி வந்து மோதினால், கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தப் பை ஊதிக்கொண்டு, ஓரத் தையலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, ஆளுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அது வெளியே வருகிற வாசல் அந்தத் தையல்தான். பிய்வதற்காகவே அதை மெல்லிய நூலில், இத்தனை அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று கணக்காகப் போடுகிறார்கள். அங்கே உறுதியாகத் தைத்துவிட்டால் பை உள்ளேயே கிடந்து வெடிக்கும். ஆள் கதவில் போய் மோதுவான்.

மோதுவாள்.

சுவரில் இருக்கிற தாளைப் போய்ப் படித்தேன். மகளின் கையெழுத்து. ‘ஏர்பேக் உள்ள சீட்டுகளுக்கு ஓரத் தையல் மெல்லிய நூலில் மட்டும். சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கவும்.’ இரண்டு வருஷமாக அங்கே இருக்கிறதாம். படிக்கத் தெரிந்ததிலிருந்து நான் எதைத்தான் விட்டேன். மருந்துச் சீட்டு, சோப்பு உறை, பஸ்ஸின் பின்பக்கம், சுவரில் கிழிந்த நோட்டீஸ். அந்த ஒரு தாளை மட்டும் படிக்கவில்லை. அவள் எழுதியது, எனக்கு என்ன புதிதாகச் சொல்லிவிடப்போகிறாள் என்ற திமிர்.

மார்ச் 19, புதன்

ஏன் சொல்லவில்லை அவள்? ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு நாலு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? அப்பா, உள்ளே பை இருக்கு, இது கிழியணும். முடிஞ்சுது. ஸ்டூல்ல உட்கார்ற கிழவனுக்கு எதுக்குன்னு விட்டுட்டா.

சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? அடித்துவிட நினைத்தேன் இந்த வரியை. அடிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

காலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு, “என்கிட்ட என்ன சொல்றீங்க? அவகிட்ட போய்ச் சொல்லுங்க” என்றாள். நோட்டில் எழுதியிருக்கிறேன் என்றேன். “நோட்டு போய் அந்தப் பொண்ணைக் காப்பாத்துமா?”

கடைக்குப் போய், பசையை டீ வாங்க அனுப்பிவிட்டு, மகளிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை. கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“நானே தடவிப் பார்த்தேனே. கண்டுபிடிக்க முடியாத மாதிரி தைச்சிருக்கீங்களேப்பா.”

மூன்று வருஷத்தில் என் தையலைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை இது. இதைக் கேட்பதற்கு எனக்குக் காது போயிருக்கலாம்.

உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். ஒரு தப்பு நடந்துவிட்டது, எங்கள் பொறுப்புதான், வண்டியை இன்றே கொண்டுவாருங்கள் என்றாள். நான் தைத்தேன் என்று சொல்லவில்லை. ‘நாங்கள்’ என்றுதான் சொன்னாள். அந்த ஆள் சிரித்தது எனக்கே கேட்டது. சனிக்கிழமை இரண்டு பேரும் நீண்ட பயணம் கிளம்புகிறார்களாம், பதினைந்து நாள். வந்ததும் பார்க்கலாம், சீட் அருமையாக இருக்கிறது, நான் மோதுகிற மாதிரி ஓட்டுகிறவன் இல்லை என்றார். மகள் விடாமல் சொன்னாள். நோயாளி காத்திருக்கிறார் என்று வைத்துவிட்டார்.

மார்ச் 21, வெள்ளி

மகள் டாக்டரை நாலு முறை போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரிக்கே போனாள். உள்ளே விடவில்லை, பல் வலி இருந்தால் டோக்கன் போடுங்கள் என்றார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

படித்தவர். ஊர் பல்லையெல்லாம் பார்க்கிறவர். ஒரு சொத்தைக்கு முன்னூறு எச்சரிக்கை சொல்வார். தன் பெண்டாட்டி உட்கார்கிற சீட்டைப் பற்றிச் சொன்னால் டோக்கன்.

யாரைத் திட்டுகிறேன் நான்? சுவரில் இருந்த தாளைப் படிக்காதவன் யார்?

மார்ச் 22, சனி

மெதுவாக எழுத வேண்டும். எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். டாக்டர் வீட்டு விலாசம் கடை ரசீதில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். பலகையைப் படித்து, யாரையும் கேட்காமல், சரியான பஸ்ஸில் ஏறினேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை உட்கார்ந்து அனுபவிக்க முடியாமல் போயிற்று. அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம்.

சிவப்பு வண்டி வாசலில் நின்றது. கதவுகள் திறந்திருந்தன. டாக்டர் பெட்டிகளை எப்படி அடைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு, “ஐயா, நீங்களா?” என்றாள்.

டாக்டர், “உங்க பொண்ணுகிட்டதான் சொல்லிட்டேனே, வந்ததும் பார்க்கலாம்னு” என்றார்.

“எதைப் பார்க்கறது?” என்று அவர் மனைவி கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவளிடம் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

நான் அவளிடமே சொன்னேன். “அம்மா, இந்த சீட்ல உட்காராதீங்க. கடையில சரியாத்தான் தைச்சாங்க. நான் அதைப் பிரிச்சுட்டு எனக்குத் தெரிஞ்ச மாதிரி தைச்சேன். எனக்குத் தெரிஞ்சது பழசு. இப்ப மோதினா பை வெளிய வராது.”

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. காலங்காலமாக எல்லோரும் ஏர்பேக் இல்லாத வண்டியில்தான் போனார்கள், யாரும் செத்துவிடவில்லை என்றார்.

“செத்தாங்க டாக்டர்” என்றேன். “அந்த வண்டியெல்லாம் எங்க வந்துச்சுன்னு நினைக்கறீங்க? சீட்டைக் கழுவி, கறை போகாத தோலை வெட்டி எடுத்துட்டு, புதுசு போட்டு அனுப்பினவன் நான்.”

அவர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். கிளம்பத்தான் போகிறார். அவ்வளவுதான், எனக்குள் என்னமோ அறுந்தது. இடது பக்கம் போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். சட்டைப் பையில் பிரிக்கிற கத்தி இருந்தது. முதல் தையலின் கீழ் நுனியை விட்டு இழுத்தேன். பிறகு இரண்டாவது. தோலில் படாமல், ஆழமாகப் போகாமல், நூலை மட்டும். இரட்டைத் தையல், மெழுகு நூல், லேசில் விடவில்லை. பாவி, என்ன உறுதியாகப் போட்டிருக்கிறேன்! ஒவ்வொன்றாக அறுத்தேன். டாக்டர் என் தோளைப் பிடித்து இழுத்தார். போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். கூப்பிடுங்க என்றேன். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன் என்றேன். இருபதோ முப்பதோ அறுத்ததும் ஓரம் வாய் திறந்த மாதிரி விரிந்து ஸ்பாஞ்ச் தெரிந்தது. அதற்கு மேல் அவர் விடவில்லை. தேவையும் இல்லை. அப்படி ஒரு சீட்டோடு யாரும் ஊருக்குப் போக மாட்டார்கள்.

எழுந்திருக்க முடியவில்லை. அந்தப் பெண்தான் கை கொடுத்தாள். புருஷனைப் பார்த்து, “கடையிலேருந்து எத்தனை தடவை போன் வந்துச்சு?” என்றாள். அவர் வயதானவர்களுக்குப் புத்தி பிசகும் என்று ஏதோ சொன்னார். “நான் கேட்டது அது இல்ல. எத்தனை தடவை?”

அவள் தன் பெட்டியை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ் பலகையைத் தப்பாகப் படித்து வேறு எங்கேயோ போய் இறங்கினேன்.

மார்ச் 23, ஞாயிறு

மகளுக்கு டாக்டர் போன் செய்து அரை மணி நேரம் கத்தினாராம். உங்கள் அப்பா பைத்தியம் என்றாராம். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று மனைவியிடம் கேட்டேன். “எனக்கு என்ன தெரியும்? நீங்களே கேளுங்க.” கேட்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஸ்டூல். பசை மட்டும் பேசுகிறான். “மாஸ்டர், உங்களைப் பார்த்தா எனக்கே சீட்டை நீட்டப் பயமா இருக்கு” என்றான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். மகள் வேலை விஷயம் தவிர ஒன்றும் பேசுவதில்லை. திட்டித் தொலைக்கலாம் இல்லையா. இப்படி உப்பில்லாமல் நடத்துவதற்குப் பதில்.

ஏப்ரல் 2, புதன்

சிவப்பு வண்டி வந்தது. ஓட்டி வந்தது டாக்டர் இல்லை, அவர் மனைவி. அந்தப் பெரியவர் இதில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார். மகள் அதை என்னிடமே நீட்டினாள். படித்தேன். சுத்தமான கையெழுத்து. தப்பு ஒன்றும் இல்லை அதில், எழுத்திலும் சரி, சொன்னதிலும் சரி.

இழுபட்ட ஓட்டைகளில் மறுபடி தைத்தால் கணக்கு தப்பும் என்று மகள் அந்தப் பக்கத் தோலையே புதிதாக வெட்டினாள். தைக்கும்போது என்னைக் கூப்பிட்டு விளக்கைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். அந்தச் சிலந்தி நூலில் ஒற்றையாகப் போட்டுக்கொண்டே போனாள். என் விரல் பத்தும் துடித்தது. வாயைத் திறக்கவில்லை. அத்தனை மெல்லிய நூலை இவ்வளவு சீராக இழுப்பது எனக்கு வராது. இதையும் அவளிடம் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். ஆனால் சொல்லிவிட்டேன். அவள் “ம்” என்றாள்.

வண்டி போனபிறகு, பச்சை வண்டியின் சீட்டைப் பலகை மேல் தூக்கி வைத்துவிட்டு, “முதுகுப் பக்கத்தை நீங்க போடறீங்களா? அங்க உறுதியா இருக்கணும். ஓரத்தை நான் பார்த்துக்கறேன்” என்றாள்.

முதுகுப் பக்கமாம். அதை யார் பார்க்கப்போகிறார்கள்? வண்டியை வாங்கினவன்கூட ஆயுசுக்கும் ஒரு தடவை பார்க்க மாட்டான். நாற்பத்தாறு வருஷம் தைத்தவனுக்கு முதுகுப் பக்கம். நன்றாகத் திட்டி ஒரு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும், தடித்த நூல் எத்தனை உருண்டை இருக்கிறது என்று பார்க்க வேண்டும், காலை ஏழு மணிக்கே கடை திறக்கச் சொல்லியிருக்கிறேன்.